கரைவெட்டி: ஒரு மண்கரையின் வரலாறு

காந்தி மார்க்கெட்டில் விரால், கெண்டை, கெளுத்தி எனப் பேரம் பேசி வாங்கும் நம் பங்கு மக்கள், அம்மீன் வளரும் ஏரிகளை நினைப்பது அரிது. வீரமாமுனிவர் வாழ்ந்த ஏலாக்குறிச்சிக்குத் திருப்பயணம் செல்லும் நாமும், அதே திருமானூர் வட்டாரத்திலுள்ள கரைவெட்டி ஏரியை எட்டிப் பார்ப்பதில்லை. அக்குறை தீரவே இக்கட்டுரை.

1995 வரை திருச்சி மாவட்டத்தோடு இருந்து, இன்று அரியலூர் மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வேரி ஏறத்தாழ 454 ஹெக்டேர் பரப்புடையது. அணை என்றதும் நமக்கு மேட்டூர்தான் நினைவுக்கு வரும். இங்கே தண்ணீரைத் தாங்குவது சரிவான நிலத்தின் குறுக்கே கொட்டி எழுப்பிய மண்கரையே. மதகு வழியாக நீர் வயலுக்குப் பாயும். மிஞ்சியது கலிங்கில் வழியும். நாடு விடுதலை பெற்ற பின் வெட்டப்பட்ட புள்ளம்பாடி வாய்க்கால் வந்ததும், மழை பொய்த்த ஆண்டிலும் காவிரி நீர் இங்கே எட்ட வழி பிறந்தது.

கரை உயரமில்லாதது குறையன்று. ஆழமான நீர்த்தேக்கத்தில் நாரை கால் ஊன்ற முடியுமா? இங்கோ நீர் ஆழமின்றிப் பரந்து நிற்கிறது. வெயில் அடிவரை எட்டுவதால் பாசியும் கோரையும் செழிக்கின்றன. அவற்றினிடையே மீன்குஞ்சுகள் ஒதுங்குகின்றன. அவற்றைத் தேடி நாரையும் கொக்கும் நீர்க்காகமும் இறங்குகின்றன. குளிர்காலத்தில் இமயத்தைத் தாண்டி வரித்தலை வாத்தும் வருகிறது. பறவை எச்சம் கலந்த நீர் பயிருக்கு உரம் என்பதை உழவர் நன்கு அறிவர்.

1999-இல் இது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1971-இல் ஈரானின் ராம்சார் நகரில் உருவான உலக உடன்படிக்கையின் பட்டியலிலும் 2024-இல் இடம் பெற்றது.

ஆனால் பறவைக்காக யாரும் இக்கரையை எழுப்பவில்லை, நெல்லுக்காக எழுப்பினர். பயிருக்கு நீர் திறக்கத் திறக்க ஏரி வற்றும். கோடையில் தரை தெரியும்; வந்த பறவைகள் போய்விடும். அது ஆண்டுதோறும் நடப்பது, அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. அஞ்ச வேண்டியது கரையைக் கைவிடுவதற்குத்தான். முன்னாளில் குடிமராமத்து என்று ஊரே கூடி வண்டலை அள்ளிக் கரையில் இட்டது. அவ்வழக்கம் பல ஊர்களில் தளர்ந்துவிட்டது.

ஒருமுறை இளைஞர் குழுவோடு சென்றிருந்தோம். எல்லோரும் வானத்தையே பார்த்து நடந்தோம். கரைமேல் நின்ற பெரியவர் ஒருவர் எம் கையைப் பிடித்து நிறுத்தி, “சாமி, கொஞ்சம் கீழேயும் பாருங்க” என்றார். காலடியில் ஒரு நண்டு வளை. அதன் வழியே நீர் கசிந்துகொண்டிருந்தது. இதை விட்டால் மண் கரைந்து உடைப்பாகிவிடும் என்றார். நம் பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டுக் களிமண் எடுக்க இறங்கினார்கள்.