சுழற்சியும் விலக்கும்: சட்டமன்றப் பதவிக்கால வரம்பின் இரு மரபுகள்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், ஓமஹா நகரின் வடபகுதி மக்கள் 1970ஆம் ஆண்டுத் தேர்தலில் எர்னி சேம்பர்ஸ் என்பவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பினர். முடிதிருத்தும் தொழில் செய்தவர், சட்டம் பயின்றவர். 49 உறுப்பினர் கொண்ட அந்த ஓரவை மன்றத்தில் பெரும்பாலான ஆண்டுகளில் அவர் ஒருவரே கறுப்பினத்தவர். 1971 முதல் 2009 தொடக்கம் வரை 38 ஆண்டுகள் அத்தொகுதி வேறெவரையும் தேர்ந்தெடுக்கவில்லை. அவைவிதிகளைக் கரைத்துக் குடித்திருந்த அவர், தமக்கு உடன்பாடற்ற மசோதாக்களை நாட்கணக்கில் தடுத்து நிறுத்த வல்லவர். இறுதியில் அவரை வெளியேற்றியது தேர்தல் தோல்வி அன்று. தொடர்ந்து இருமுறைக்கு மேல் ஒருவர் உறுப்பினராக இருத்தலாகாது என 2000ஆம் ஆண்டில் மாநில வாக்காளர்கள் அரசமைப்பில் சேர்த்த விதி. 1992இலும் 1994இலும் மக்கள் ஏற்ற இத்தகைய விதிகளை நீதிமன்றம் செல்லாதவையாக்கியிருந்தது. மூன்றாம் முயற்சி நிலைத்தது. சேம்பர்ஸை அகற்றுவதே அதன் உள்நோக்கம் என்ற பேச்சு அன்று பரவலாக இருந்தது.

வட ஓமஹாவின் வாக்காளர் விரும்பிய ஒருவரை மாநிலத்தின் ஏனைய வாக்காளர் விலக்கலாமா? பதவிக்கால வரம்பு குறித்த விவாதங்கள் இவ்வினாவைப் பெரும்பாலும் தொடுவதில்லை. ‘வரம்பு’ என்னும் ஒரே சொல்லுக்குள் வெவ்வேறான இரு கருத்துகள் ஒளிந்திருப்பது அதற்கு ஒரு காரணம்.

முதற்கருத்து பழையது. 1776இல் பென்சில்வேனியா வகுத்த அரசமைப்பு, எந்த ஏழாண்டுக் காலத்திலும் ஒருவர் நான்காண்டுகளுக்கு மேல் பேரவை உறுப்பினராக இருத்தலாகாது என்றது. நிர்வாக மன்றத்தாருக்கு மூன்றாண்டுப் பதவி. பின்னர் நான்காண்டு இடைவெளி. அந்த அரசமைப்பே இதற்குக் காரணமும் கூறுகிறது: பொதுப்பணியில் பலர் பயிற்சி பெறுவர், தீங்கு விளைக்கும் மேட்டுக்குடி ஆட்சி தோன்றாது. பதவியிலிருந்து இறங்குபவன் தான் இயற்றிய சட்டத்தின்கீழ்ச் சில காலம் குடிமகனாக வாழ்ந்து, பின் விரும்பினால் மீளலாம். கதவு சாத்தப்படுகிறதேயன்றிப் பூட்டப்படுவதில்லை. 1790இல் வந்த புதிய அரசமைப்பில் இவ்விதி இடம்பெறவில்லை. 1787இல் உருவான கூட்டரசின் அரசமைப்பும் சட்டமன்றத்தாருக்குச் சுழற்சியை விதிக்கவில்லை.

தமிழ் வாசகருக்கு உத்தரமேரூர் நினைவுக்கு வரும். முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டு, கடந்த மூன்றாண்டுகளில் வாரியப் பொறுப்பு வகித்தவரின் பெயரைக் குடவோலையில் இடலாகாது என்கிறது. நிலமும் மனையும் வேதக் கல்வியும் உடையோர்க்கே இடமளித்த பிராமண ஊர்ச்சபையின் ஏற்பாடு அது; அதை மக்களாட்சியின் தொட்டில் என்று மேடைகளில் முழங்குவது மிகை. பென்சில்வேனியாவுக்கும் அதற்கும் வரலாற்றுத் தொடர்பு ஏதுமில்லை. எனினும் விதியின் இலக்கணம் ஒன்றே: விலகி நில், பின் வா.

இரண்டாம் கருத்து 1990இல் பிறந்தது. அவ்வாண்டு கலிஃபோர்னியா, கொலராடோ, ஒக்லஹோமா ஆகிய மூன்று மாநிலங்களில் வரம்புகள் வாக்கெடுப்பில் வென்றன. கலிஃபோர்னியாவின் 140ஆம் முன்மொழிவு கீழவைக்கு ஆறாண்டு, மேலவைக்கு எட்டாண்டு என வரையறுத்தது. அதன்பின் அந்த அவைக்கு வாழ்நாளில் திரும்ப இயலாது. சட்டமன்றத்தின் செலவுத்தொகையையும் அது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டியது. பரப்புரையின் கண்கூடான இலக்கு, 1980 முதல் பேரவைத் தலைவராக விளங்கிய வில்லி பிரௌன். அவரும் கறுப்பினத்தவர். ஆயினும் இதனை இனப்பகை என்று மட்டும் சுருக்கிவிட முடியாது. மேய்ன் மாநிலத்தில் இதே சினத்தைத் தூண்டிய நெடுநாள் பேரவைத் தலைவர் ஜான் மார்ட்டின் வெள்ளையர்.

விளைவு என்ன? கலிஃபோர்னியாவில் 1996 முதல் 2010 வரை எட்டுப் பேர் பேரவைத் தலைவராயினர். வரவுசெலவுத் திட்டத்தைக் கற்றுத் தேறுமுன் உறுப்பினர் வீடு திரும்பினர். வரம்புள்ள மாநிலங்களில் ஆளுநரும் நிர்வாகத் துறைகளும் சட்டமன்றத்தினும் வலிமை பெற்றதாக அரசறிவியல் ஆய்வுகள் பல காட்டின. தொழில்முறை அரசியல்வாதியும் ஒழியவில்லை. கீழவையிலிருந்து மேலவைக்கும், அங்கிருந்து மாவட்ட, நகர ஆட்சிகளுக்கும் நகர்ந்தார். பிரௌனே 1996இல் சான் பிரான்சிஸ்கோ மேயரானார். குடிமகனாக மீளுதல் என்ற பழைய நோக்கம் இங்கு எங்கே நிறைவேறியது?

வாழ்நாள் தடை வாக்காளரின் உரிமையைப் பறிக்கிறது என்று தொடரப்பட்ட வழக்கில், 1997இல் கூட்டரசின் மாவட்ட நீதிமன்றம் அத்தடையைச் செல்லாது என்றது. அவ்வாண்டு முடிவதற்குள் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைச் செல்லும் என்று மாற்றியது. சட்டத்தின் கண்ணில் சுழற்சியும் விலக்கும் ஒன்றாயின. வரலாற்று மாணவர் அவற்றை ஒன்றாகக் கருத வேண்டியதில்லை.

நெப்ராஸ்காவின் விதி, எவரைக் குறிவைத்து எழுந்ததாயினும், அமைப்பில் பழைய மரபைச் சார்ந்தது. நான்காண்டு விலகியிருந்த சேம்பர்ஸ் 2012இல் போட்டியிட்டு, அப்போதைய உறுப்பினரை வென்று மீண்டும் அவைக்கு வந்தார். மரண தண்டனை ஒழிப்பு அவருடைய நெடுநாள் முயற்சி. 1979இல் மன்றம் நிறைவேற்றிய மசோதாவை அன்றைய ஆளுநர் மறுத்துவிட்டார். 2015இல் மன்றம் அத்தகைய மசோதாவை மீண்டும் நிறைவேற்ற, ஆளுநர் மீண்டும் மறுக்க, அம்மறுப்பு 30க்கு 19 என்ற வாக்குகளில் முறியடிக்கப்பட்டது. தேவைப்பட்டவை சரியாக 30. வாழ்நாள் தடை இருந்திருப்பின் அவையில் சேம்பர்ஸ் இருந்திருக்க மாட்டார். மறு ஆண்டே மக்கள் வாக்கெடுப்பால் தண்டனையை மீட்டனர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இரண்டாம் முறை வரம்பு முட்டி, 2021 ஜனவரியில், 83ஆம் வயதில் அவர் அவையை விட்டு நீங்கினார். இன்று 16 மாநிலங்களில் வரம்பு நடைமுறையில் உள்ளது. அவற்றுள் ஆறு, வாழ்நாள் தடை விதிப்பவை. 2022 நவம்பர் 8 அன்று மிச்சிகன் வாக்காளர் தம் கடுமையான வரம்பைத் தளர்த்தி, எந்த அவையிலாயினும் மொத்தம் 12 ஆண்டுகள் என்றாக்கினர். அதே நாளில் வட டகோட்டா வாக்காளர் ஓர் அவைக்கு எட்டாண்டு என்ற வாழ்நாள் வரம்பைப் புதிதாக ஏற்றனர்.