விளக்கொளியில் விளைந்த கிழங்கு

பழைய வண்ணாரப்பேட்டையில் நான் வளர்ந்த வீடு ஒரே அறை கொண்டது. சன்னல் உண்டு, ஆனால் அதற்கு எதிரே இரண்டு முழ தூரத்தில் அடுத்த வீட்டுச் சுவர். கும்பினியார் காலத்தில் இங்கே துணி வெளுப்போர் குடியேறி, வெயிலில் துணி உலர்த்தியதாலேயே ஊருக்கு அப்பெயர் வந்ததென்பர். அந்த வெயில் எங்கள் வீட்டுக்குள் மட்டும் வந்ததில்லை.

என் தந்தையார் கொத்தவால் சாவடியில் மூட்டை தூக்கினார். முளைவிட்டு விலைபோகாத உருளைக்கிழங்குகள் சில நாட்களில் அவருடைய துண்டில் முடிந்து வீட்டுக்கு வரும். 1982ஆம் ஆண்டு மார்கழியில், அவ்வாறு வந்த கிழங்குகளில் இரண்டை ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தில் மண்ணிட்டுப் புதைத்து, குழல் விளக்கின் அடியில் வைத்தேன். கூடை நிறைய விளைந்தால் அப்பா ஒரு நாளாவது மூட்டை தூக்காமல் வீட்டில் இருப்பார் என்பது என் கணக்கு. “வெயிலைப் பார்க்காத பயிர் வயிற்றுக்கு ஆகுமாடா?” என்று கேட்டார்கள் என் தாயார். அந்தக் கேள்விக்குள் ஒரு நூற்றாண்டுச் சரித்திரம் அடங்கியிருந்தது என்பதைப் பிற்காலத்தில்தான் அறிந்தேன்.

உருளைக்கிழங்கின் தாயகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடர். பூமத்திய ரேகைக்கு அருகில் உள்ளதாகையால் அங்கே ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறக்குறைய சமமாகவே இருக்கும். பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றபோது, கோடையின் நீண்ட பகலில் செடி தழைத்ததே ஒழியக் கிழங்கு இறங்கவில்லை. இலையுதிர் காலத்தில் பகல் குறுகிய பிறகே இறங்கியது. நீண்ட பகலிலும் கிழங்கு வைக்கும் இனங்களை உழவர் தேர்ந்தெடுத்து நிலைபெறச் செய்யத் தலைமுறைகள் பல ஆயின. நமது நாட்டில், 1819இல் நீலகிரிக்குச் சென்று பின்னர் உதகையை உருவாக்கிய ஜான் சல்லிவன் என்னும் கலெக்டர் அம்மலையில் இப்பயிரைப் பரப்பினார். படகர் உழவர்கள் அதைத் தம் பயிராகவே ஏற்றுக்கொண்டனர். மலையிலிருந்து மேட்டுப்பாளையம், அங்கிருந்து ரயிலேறிச் சென்னை: என் தந்தையின் முதுகில் ஏறிய மூட்டைகளுள் பல இவ்வழியே வந்தவையே.

இனி விளக்கின் கதைக்கு வருவோம். 1880ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வில்லியம் சீமென்ஸ் என்னும் பொறியியல் அறிஞர், மின்வில் விளக்கின் ஒளியில் பயிர்களை வளர்த்துக் காட்டினார். இரவெல்லாம் ஒளி பட்டும் செடிகள் சோர்ந்துவிடவில்லை, உறக்கமின்றி வளர்ந்தன. பயிருக்குச் சூரியனே வேண்டும், வேறு ஒளி ஆகாது என்ற எண்ணம் அன்று ஆட்டங்கண்டது. ஆனால் ஒளி மிகுந்தால் நன்மையும் மிகும் என்று கொண்டால் அது பிழை. அமெரிக்காவில் கார்னர், ஆலார்டு என்னும் இருவர் புகையிலைச் செடிகளை மாலைதோறும் இருட்டறைக்குள் தள்ளியும் காலையில் வெளியே எடுத்தும் ஆராய்ந்து, 1920இல் ஓர் உண்மையை வெளியிட்டனர். செடி பகலின் நீளத்தை அளந்து அறிகிறது. எப்போது பூப்பது என்பதை அந்த அளவைக் கொண்டே முடிவு செய்கிறது. கிழங்கு இறங்கும் காலத்துக்கும் இந்தக் கணக்கு உண்டு.

என் தகரத்தில் நடந்த பிழை இப்போது விளங்குகிறது அல்லவா? திறந்த வெயில் ஏறக்குறைய ஓர் இலட்சம் லக்ஸ் ஒளி தரும். என் குழல் விளக்கு அறையில் தந்தது சில நூறு லக்ஸ். ஆகவே செடிக்கு உணவு சமைக்க ஒளி போதவில்லை. ஆனால் பகல் நீண்டுவிட்டது என்று அதை ஏமாற்ற அந்த மங்கிய ஒளியே போதும். நான் பாடம் படித்துக்கொண்டே நள்ளிரவு வரை விளக்கை எரியவிட்டேன். மார்கழியின் குறும்பகலை ஐரோப்பியக் கோடையாக்கியது என் படிப்பு! இத்துடன் வெப்பமும் சேர்ந்தது. கிழங்கு நன்கு இறங்க இரவு குளிர்ந்திருக்க வேண்டும். 15 முதல் 20 டிகிரி வரை உகந்தது. சென்னையில் மார்கழி, தை இரவுகள்கூடச் சராசரியில் அதற்குக் கீழே இறங்குவதில்லை. அடைத்த அறையின் புழுக்கத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

விளக்கொளியில் உருளை வளர்ப்பது வெறும் சிறுவர் விளையாட்டென்று எண்ணிவிடாதீர்கள். 1957இல் உதகைக்கு அருகே முத்தோரையில் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தின் கிளை அமைந்தது. நான்கே ஆண்டுகளில், 1961இல், நீலகிரி மண்ணில் முட்டைக்கூட்டு நூற்புழு இருப்பதை ஜோன்ஸ் என்னும் அறிஞர் கண்டறிந்தார். வேரைத் தாக்கும் இப்புழுவின் முட்டைகள் கூட்டுக்குள் அடங்கி, பயிரே இல்லாவிடினும் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். கிழங்கில் ஒட்டிய ஒரு துளி மண் போதும், அடுத்த மாவட்டத்துக்குச் செல்ல. எனவே மலை விதைக்கிழங்கு வெளியே போகத் தடை வந்தது; விதை விற்றுப் பிழைத்த உழவர் அவ்வருவாயை இழந்தனர். 2018இல் இமாசலப் பிரதேசம் முதலிய வடமலைப் பகுதிகளின் விதைக்கும் இதே காரணத்தால் இத்தகைய தடை பிறந்தது.

மண்ணைத் தொடாத விதை வேண்டும். அதற்கு வழி திறந்தவர்கள் பிரான்சு தேசத்து மோரெல், மார்ட்டின் என்போர். செடியின் நுனிக்குருத்தைக் கடுகினும் சிறிதாக வெட்டி வளர்த்து, 1955இல் வைரசு நோயற்ற உருளைச் செடியைப் பெற்றனர். இன்று ஆராய்ச்சிக் கூடங்களில் கண்ணாடிக் குழாய்களுக்குள், நாள்தோறும் பதினாறு மணி நேரம் விளக்கொளியில் இத்தகைய நாற்றுகள் வளர்கின்றன. சின்னஞ்சிறு கிழங்கு வேண்டுமாயின், சர்க்கரை மிகுந்த ஊட்டத்தில் வைத்து அவற்றை இருளிலும் குளிரிலும் விட்டுவிடுகிறார்கள். இலைக்கு ஒளி, கிழங்குக்கு இருள்! ஒளி பட்ட கிழங்கு பச்சையாகிக் கசந்து, நஞ்சேறும் என்பதை உங்கள் வீட்டுப் பெரியோரும் அறிவார்கள். 1995 அக்டோபரில் கொலம்பியா விண்ணோடத்தில், சூரியனுக்குப் பதில் சிறு மின்விளக்குகளின் கீழே, உருளை இலைத்துண்டுகள் கிழங்கு வைத்தன. அனுப்பியவர்கள் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார்.

என் தகரத்தைப் பங்குனியில் கவிழ்த்தோம். செடியோ முழ நீளம் கொடிபோல் துவண்டு கிடந்தது. மண்ணுக்குள் இருந்தவை இரண்டு. ஒன்று புளியங்கொட்டை அளவு, மற்றது அதனினும் சிறிது. அப்பா அவற்றை உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பவர்போல் ஆட்டிச் சிரித்தார். அன்று காலையும் அவர் சாவடிக்குப் போய்த்தான் வந்திருந்தார். தாயார் இரண்டையும் கழுவிச் சாம்பாரில் போட்டார்கள். அவை யார் தட்டில் விழுந்தன என்று எவரும் சொல்லவில்லை.