கரிசல் வட்டார இசை, ஆட்ட ஆவணங்கள்

தூத்துக்குடி மாவட்டத்தின் ஒட்டப்பிடாரம், விளாத்திகுளம், எட்டயபுரம், கோவில்பட்டி வட்டாரங்களில் பரந்து கிடக்கும் கரிசல் நிலத்தின் பாட்டையும் ஆட்டத்தையும் அச்சிலும் ஒலிநாடாவிலும் படத்திலும் பதிந்து வைத்த முயற்சிகளின் வரலாறு. இந்த வட்டாரத்தின் தென்பகுதியில் பாஞ்சாலங்குறிச்சி, அதற்கு வடக்கே எட்டயபுரம். கட்டபொம்மன் கதைப்பாடலும் தேவராட்டமும் பாஞ்சாலங்குறிச்சியைச் சுற்றி வளர்ந்தன. முத்துசாமி தீட்சிதர் குடும்பத்தின் இசை எட்டயபுரத்தில் தங்கியது. இரண்டையும் எழுதி வைத்தவர்கள் உண்டு. எதை எழுதினார்கள், எதை விட்டார்கள் என்பதைப் பொறுத்தே இன்று நம் கையில் இருப்பது அமைந்திருக்கிறது.

எட்டயபுரம், 1904

முத்துசாமி தீட்சிதர் வாழ்வின் கடைசிக் காலத்தில் எட்டயபுரம் வந்து சேர்ந்தார். அவருடைய தம்பி பாலுசாமி தீட்சிதர் அங்கே சமஸ்தான வித்துவானாக இருந்தார். 1835இல் தீபாவளியன்று முத்துசாமி தீட்சிதர் அங்கேயே காலமானார். அட்டக்குளக்கரையில் அவருடைய சமாதி இருக்கிறது. அவருடைய கீர்த்தனைகள் குடும்பத்தாரிடமும் சீடர்களிடமும் வாய்வழியாகவே வாழ்ந்தன. பாலுசாமியின் மகள் வயிற்றுப் பேரனும் சுவீகார புத்திரனுமான சுப்பராம தீட்சிதர் (1839–1906) இந்தச் செல்வத்தைக் கட்டிக் காத்தார்.

கர்நாடக இசையை ஐரோப்பிய ஸ்வரக் குறிப்பில் அச்சிட முனைந்த சென்னைக்காரர் ஏ.எம். சின்னசாமி முதலியார். கண்பார்வை மங்கிவிட்ட நிலையிலும் அவர் எட்டயபுரம் வந்து, குடும்பச் சொத்தாக இருந்த பாடங்களை உலகுக்குத் தரும்படி சுப்பராம தீட்சிதரை வற்புறுத்தினார். சமஸ்தானம் செலவை ஏற்றது. 1904இல் எட்டயபுரம் வித்யா விலாசினி அச்சுக்கூடத்திலிருந்து தெலுங்கு எழுத்தில் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' வெளிவந்தது. முத்துசாமி தீட்சிதரின் கீர்த்தனைகள் மட்டும் அதில் 229. அவற்றோடு வேங்கடமகியின் பெயரில் வழங்கும் கீதங்கள், பிற வாக்கேயக்காரர்களின் உருப்படிகள், இசைவாணர்களின் வாழ்க்கைக் குறிப்புகள் எல்லாம் சேர்ந்தன.

இந்நூலை ஆவணம் என்று சொல்லவைப்பது அதன் கமகக் குறிகள். ஒரு ஸ்வரத்தை எழுதுவது எளிது. அதை எப்படி அசைப்பது என்று எழுதுவதுதான் கடினம். சுப்பராம தீட்சிதர் கம்பிதத்துக்கு ஓர் அலைக்கோடு, ஏற்றஜாருவுக்கு மேலேறும் சாய்கோடு, இறக்கஜாருவுக்குக் கீழிறங்கும் சாய்கோடு என்று குறிகள் வகுத்தார். நொக்கு, ரவை, கண்டிப்பு, ஒதுக்கல், ஓரிகை ஆகியவற்றுக்கும் தனித்தனிக் குறி உண்டு. அச்சுக் கோப்பவர் ஸ்வர எழுத்துகளோடு இந்தக் குறிகளையும் சேர்த்துக் கோத்தார். வியன்னாவில் ஒலிப்பதிவுக் காப்பகம் 1899இலும், பெர்லினில் 1900இலும் தொடங்கின. அதே ஆண்டுகளில் ஒலி பதியும் மெழுகு உருளை எதுவும் இல்லாமல், கரிசல் காட்டு அச்சுக்கூடம் ஒன்று இசையின் அசைவைத் தாளில் பிடிக்க முயன்றது என்பது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி.

1906இல் சுப்பராம தீட்சிதர் மறைந்தபோது பாரதியார் இரங்கற்பா எழுதினார். நூல் அலமாரியில் தூங்கிவிடவில்லை. சுப்பராம தீட்சிதரின் மகன் அம்பி தீட்சிதர் சென்னைக்குச் சென்று கற்பித்தார், டி.எல். வேங்கடராம ஐயர் அவரிடம் பாடம் கேட்டவர். 1961 முதல் சென்னை மியூசிக் அகாடமி நூலைத் தமிழ் எழுத்தில் பகுதி பகுதியாக வெளியிட்டது. வாய்ப்பாடத்தில் ஐயம் எழும்போது இன்றும் பாடகர்கள் புரட்டிப் பார்ப்பது இந்த நூலைத்தான். குறிப்பும் குருவும் சேர்ந்து இருந்ததால் மரபு அறுபடவில்லை.

நாட்டார் பாடல்கள்

சமஸ்தானத்துக்கு வெளியே, களையெடுப்பிலும் கமலை இறைப்பிலும் இழவு வீட்டிலும் பாடிய பாட்டுக்கு இப்படி ஓர் ஏற்பாடு அமைய அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. நாங்குநேரியில் பிறந்த நா. வானமாமலை (1917–1980) அதற்கு அடித்தளம் இட்டார். அவருடைய 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' 1964இல் நியூ செஞ்சுரி புத்தக நிறுவன வெளியீடாக வந்தது. அதைத் திறந்தால் பல பாடல்களின் கீழே வட்டார வழக்குச் சொற்களுக்குப் பொருள், அதன்பின் 'சேகரித்தவர்', 'இடம்' என்ற வரிகள் நிற்கும். அந்த வரிகளில் திரும்பத் திரும்ப வரும் பெயர் எஸ்.எஸ். போத்தையா, இடம், விளாத்திகுளம் வட்டாரம். தங்கம்மாள்புரத்துக்காரரான போத்தையா ஊர் ஊராகப் போய்ப் பாட்டுக் கேட்டு எழுதியவர். பின்னாளில் எழுத்தாளர் கி. ராஜநாராயணனின் (கி.ரா.) சொல், கதைச் சேகரிப்புக்கும் துணை நின்றார். சேகரித்தவர் பெயரையும் இடத்தையும் விடாமல் அச்சிட்ட நேர்மையால்தான் ஒரு பாட்டு எந்த மண்ணுக்குரியது என்று இன்று நம்மால் சொல்ல முடிகிறது.

1970களின் தொடக்கத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் வானமாமலை பதிப்பித்த கதைப்பாடல்களை வெளியிட்டது. அவற்றுள் கட்டபொம்மு கதைப்பாடலும் உண்டு. 1799 அக்டோபரில் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டவரின் கதையை வெள்ளைக்காரர் ஆட்சி நடந்த காலத்திலேயே மக்கள் பாடி வந்திருக்கிறார்கள். ஒரே கதை, ஏட்டுக்கு ஏடு மாறுபடும் வடிவங்களில் கிடைத்தது. அந்த வேறுபாடுகளே வரலாற்றுச் சான்று என்று பதிப்பாசிரியர் காட்டினார்.

ஆனாலும் இந்தத் தொகுப்புகளில் இல்லாத ஒன்று மெட்டு. சொல் அச்சேறியது, அது எந்த நடையில், எங்கே இழுத்து, எங்கே விட்டுப் பாடப்பட்டது என்பது அச்சேறவில்லை. ஒலிப்பதிவுக் கருவி சேகரிப்பவர் ஒருவரின் கைக்கு எட்டாத காலம் அது. அவர்கள்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எட்டயபுரத்துக் கீர்த்தனைக்குக் கிடைத்த அலைக்கோடும் சாய்கோடும் கரிசல் ஒப்பாரிக்குக் கிடைக்கவில்லை என்ற வருத்தம் வருத்தம்தான். இசைவாணர் விளாத்திகுளம் சுவாமிகளின் ராக ஆலாபனையைப் பின்தலைமுறையில் பலர் அறிந்ததும் கி.ரா.வின் எழுத்து வழியாகத்தான்.

ஒலிநாடாவும் படமும்

1963இல் தொடங்கிய திருநெல்வேலி வானொலி நிலையம் வில்லுப்பாட்டையும் நாட்டுப்புறப் பாடலையும் ஒலிபரப்பி, ஊர்க் கலைஞர்களை ஒலிவாங்கியின் முன் உட்காரவைத்தது. 1980களில் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் உருவாகி, தென்மாவட்டக் கலைகளை ஒலி, ஒளி நாடாக்களில் சேர்க்கத் தொடங்கியது. அங்கே பேராசிரியர் தே. லூர்து ஒரு மாணவத் தலைமுறையையே களப்பணிக்குப் பழக்கினார்.

படம் எவ்வளவு தேவை என்பதற்குத் தேவராட்டமே சாட்சி. ராஜகம்பள நாயக்கர் சமூகத்தாரின் இந்த ஆட்டத்துக்குப் பாட்டு கிடையாது. தேவதுந்துபி என்று போற்றப்படும் தோற்கருவியின் அடிக்கேற்ப, கையில் துணியும் காலில் சலங்கையுமாக வரிசை கட்டி ஆடுகிறார்கள். அடி மாறினால் அடவு மாறும். எழுதி வைக்கச் சொல் இல்லாத கலை இது. ஆடுபவர் உடம்பே ஏடு. ஜமீன் கோடாங்கிபட்டி ஆட்டக்காரர்கள் பிற ஊர் மாணவர்களுக்கும் அதைக் கற்றுக்கொடுத்து வந்திருக்கிறார்கள்.

பதிவு செய்வதோடு நிற்காமல், அதைப் பாடியவர்களின் ஊருக்கே திரும்பக் கொண்டுபோனதற்குத் தென்னிந்தியாவிலேயே முன்மாதிரி உண்டு. டச்சு அறிஞர் ஆர்னால்ட் பேக் 1938இல் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகப் பகுதிகளில் ஒலியும் படமும் எடுத்தார். 1984இல் நசீர் ஜைராஸ்பாயும் ஏமி கேட்லினும் அந்தப் பதிவுகளோடு அதே இடங்களுக்குத் திரும்பி, எது நின்றது, எது மாறியது என்று ஆராய்ந்தார்கள். வெளிநாட்டு ஆய்வாளர்கள் எடுத்த பதிவுகளின் பிரதி இந்தியாவிலேயே இருக்க வேண்டும் என்பதற்காக 1982இல் அமெரிக்க இந்தியவியல் நிறுவனத்தின் இசையினவியல் காப்பகம் நிறுவப்பட்டது. முதலில் புனேயில் இருந்து, பின்னர் தில்லிப் பகுதிக்கு மாறியது. கரிசல் ஊர் ஒன்றிலிருந்து அங்கே போய்க் கேட்பது எத்தனை பேரால் முடியும் என்ற கேள்வி நியாயமானது. பாளையங்கோட்டை போன்ற பக்கத்து மையத்தின் அருமை அங்கேதான் தெரிகிறது.

பாஞ்சாலங்குறிச்சி வீரசக்கதேவி கோயில் விழாவில் இப்போது கைபேசிகளில் தேவராட்டம் பதிவாகிறது. படத்துக்குப் பஞ்சமில்லை. ஆடிய குழு எந்த ஊர், துந்துபி அடித்தவர் யார், அந்த அடவுக்கு ஆட்டக்காரர்கள் சொல்லும் பெயர் என்ன என்ற குறிப்பு உடன் இல்லாத படத்தைக் காப்பகம் வகைப்படுத்த முடியாது. வேறு ஊர்ப் பையன் அதைப் பார்த்து அடவு பழகவும் முடியாது. போத்தையா சேகரித்த பாடல்களின் கீழே அச்சான 'இடம்' என்ற வரி இந்தப் படங்களுக்குக் கீழேயும் ஏற வேண்டியிருக்கிறது.