பைக்காரா முதல் ஸ்மார்ட் மீட்டர் வரை



"ஸ்மார்ட் மீட்டர் வரப்போகிறதாமே, அது எதற்கு?" என்று பலரும் கேட்கிறார்கள். மீட்டர் ஒரு பெரிய திட்டத்தின் சிறு பகுதிதான். திட்டத்தின் பெயர் ஸ்மார்ட் கிரிட். எங்கே எவ்வளவு மின்சாரம் உற்பத்தியாகிறது, எந்த டிரான்ஸ்பார்மரில் எவ்வளவு செலவாகிறது என்பதை அவ்வப்போதே அறிந்து, வரவையும் செலவையும் சமன் செய்யும் ஏற்பாடு அது. இதைப் புரிந்துகொள்ள நம் மாநிலத்தின் மின்சார வரலாற்றைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டும்.

1932இல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அந்த மின்சாரம் மலையிறங்கிக் கோவைக்கு வந்தது. பஞ்சாலைகள் பெருகின. மாடு பூட்டிக் கமலை இறைத்த கிணறுகளில் மோட்டார் வந்தது. அடுத்து 1937இல் மேட்டூர், 1944இல் பாபநாசம்.

இந்த மூன்றையும் கம்பியால் இணைத்ததில்தான் அன்றைய பொறியாளர்களின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. மேட்டூரில் பாசனத்துக்குத் தண்ணீர் திறந்தால்தான் மின்சாரம். வழக்கமாக ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவார்கள். மூடிய பின் அங்கே உற்பத்தி படுத்துவிடும். பைக்காராவுக்குத் தென்மேற்குப் பருவமழை. தாமிரபரணிக்கோ இரண்டு பருவமழையும் உண்டு. ஓர் ஆறு வற்றும் காலத்தில் இன்னோர் ஆறு கைகொடுக்கும். வெவ்வேறு காலங்களைச் சேர்த்து முடிச்சுப் போடுவதுதான் கிரிட். கணினி இல்லாத காலத்திலேயே நம்மவர்கள் செய்தது இது.

1957இல் மின்வாரியம் பிறந்தது. காமராஜர் காலத்தில் கம்பிகள் கிராமம் கிராமமாகப் போயின. குந்தா, நெய்வேலி என்று உற்பத்தியும் கூடியது. பம்புசெட்டுகள் பல்லாயிரமாகி லட்சங்களாயின.

பிறகு வந்தது கட்டணப் பிரச்சினை. பைசாக் கணக்கில் உயர்ந்த மின்கட்டணத்தை எதிர்த்து 1970இல் கொங்கு விவசாயிகள் போராடினார்கள். பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் உயிரிழந்தார்கள். நாராயணசாமி நாயுடு தலைமையில் போராட்டம் பல ஆண்டுகள் நீடித்தது. 1984இல் சிறு விவசாயிகளுக்கும், 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. உயிர் கொடுத்துப் பெற்ற உரிமை அது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் கூடவே ஒன்று நடந்தது. பில் இல்லை என்பதால் மீட்டரும் இல்லாமல் போனது. இன்று 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பம்புசெட்டுகள் இருக்கின்றன. அவை எவ்வளவு இழுக்கின்றன என்பதைக் குதிரைத்திறனை வைத்து மதிப்பிடுகிறார்களே தவிர, முழுமையாக அளப்பதில்லை. அதனால் வழியில் கசிவது எவ்வளவு, திருட்டு எவ்வளவு, உழவருக்கு உண்மையில் போவது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம்.

இன்னொரு பக்கம் காற்று. 1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் காற்றாலைகள் வந்தன. பிறகு ஆரல்வாய்மொழிக் கணவாயும் முப்பந்தலும் காற்றாலைக் காடாயின. காற்று மே முதல் செப்டம்பர் வரை அள்ளிக் கொடுக்கும், பிறகு அடங்கிவிடும். 2012இல் நாம் பட்ட மின்வெட்டை யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த ஜூலையில் வட இந்தியாவே இருளில் மூழ்கியபோது நாம் தப்பினோம். காரணம், தென்னக கிரிட் அப்போது வடக்கோடு முழுமையாக இணையாமல் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. அதே காரணத்தால் நமக்குப் பற்றாக்குறை வந்தபோது வடக்கிலிருந்து வேண்டிய அளவு வாங்கவும் வழியில்லை. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் மின்பாதை வழியாகத்தான் நாடு முழுவதும் ஒரே கிரிட் ஆனது.

இப்போது சூரிய மின்சாரமும் சேர்ந்துவிட்டது. நண்பகலில் பொங்கி வரும். மாலை ஆறு மணிக்கு, வீடுகளில் விளக்குப் போடும் நேரத்தில், இல்லாமல் போகும். அன்று மாதக் கணக்கில் பார்த்த வரவு செலவை இன்று கால் மணிக் கணக்கில் பார்க்க வேண்டியிருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுத்து அட்டையில் எழுதினால் இதற்குப் போதாது. ஸ்மார்ட் மீட்டரின் அவசியம் இங்கேதான் வருகிறது. சென்னை தியாகராய நகரில் ஒரு லட்சத்துக்கும் மேல் ஏற்கெனவே பொருத்திப் பார்த்திருக்கிறார்கள்.

சிக்கல் தொழில்நுட்பத்தில் இல்லை, நம்பிக்கையில்தான் இருக்கிறது. மீட்டரைக் கண்டால் விவசாயிக்கு அடுத்து பில் வரும் என்ற பயம். 1970ஐ அறிந்தவர்கள் அந்தப் பயத்தை அலட்சியம் செய்ய மாட்டார்கள். என் யோசனை இதுதான். முதலில் விவசாய மின்பாதைகளைத் தனியாகப் பிரித்து, டிரான்ஸ்பார்மரில் மீட்டர் வையுங்கள். கிணற்று மோட்டாரைத் தொட வேண்டாம். ஊருக்கு எவ்வளவு வந்தது என்பதை ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதிப் போடுங்கள். இலவசம் தொடரும் என்பதைச் சட்டமாகவே எழுதிக் கொடுங்கள். நண்பகல் வெயிலில் மின்சாரம் மிஞ்சும்போது மும்முனை மின்சாரம் கொடுத்தால், நள்ளிரவில் டார்ச் லைட்டோடு பாம்புக்குப் பயந்து வயலுக்குப் போகும் வேலை விவசாயிக்கு மிச்சமாகும். கணக்கெடுப்பது தன் நன்மைக்கு என்று அப்போது அவரே சொல்வார்.

அணைகளை இணைத்தவர்கள் ஆறுகளின் குணம் அறிந்து திட்டம் போட்டார்கள். இனி திட்டம் போடுகிறவர்கள் மக்களின் மனமும் அறிந்து போட வேண்டும்.

உங்கள் ஊர் அனுபவம் என்ன? எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.