வீராம்பட்டினத்து ஒலிபெருக்கியும் நம்ம ஊர் ஆயாவின் போனும்

இன்று கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன். மணி அடித்த பிறகும் பாடத்தை விடாமல் நடத்தியவன்தானே நான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் பக்கத்துத் தெரு ஆயா ஒருவர் என் வீட்டுத் திண்ணைக்கு வந்து, மடியிலிருந்து பட்டன் போனை எடுத்து நீட்டினார். "சாரு, இதுல இன்னா வந்திருக்குதுன்னு கொஞ்சம் பாருங்க. மூணு மாசமா பணம் வரல." கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். திறக்காத குறுஞ்செய்திகள் நாற்பதுக்கு மேல் கிடந்தன. முக்கால்வாசி விளம்பரம். நடுவில் ஒன்று, ஆங்கிலத்தில்: இன்ன தேதிக்குள் இன்ன சான்றுகளோடு நேரில் வரவும், தவறினால் உதவித்தொகை நிறுத்தி வைக்கப்படும். தேதி எப்போதோ முடிந்துவிட்டது. எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். அவர்களைக் கேட்டால் "தகவல் அனுப்பிவிட்டோம்" என்பார்கள். அதுவும் பொய்யில்லை. தகவல் போன் வரைக்கும் வந்திருக்கிறது. ஆயாவிடம் மட்டும் வரவில்லை.

ஆயா போன பிறகு வெகுநேரம் புதுச்சேரி ஞாபகமாகவே இருந்தது. நம் கீழ்பென்னாத்தூர் ரோட்டில் நின்று கை காட்டினால் செஞ்சி, திண்டிவனம் வழியாகப் போய்ச் சேர்கிற அதே புதுச்சேரிதான். அங்கே இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் உலகமே திரும்பிப் பார்த்த ஒரு வேலை நடந்தது. அதைச் சொல்வதற்கு முன் ரேடியோ காலத்துக்கு ஒரு எட்டு போய் வர வேண்டும்.

என் வயதுக்காரர்களுக்குப் பஞ்சாயத்து ரேடியோ தெரியும். சாயங்காலம் ஆனால் பஞ்சாயத்து ஆபீஸ் கூரையில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் பேச ஆரம்பிக்கும். செய்தி, பாட்டு, விவசாயிகளுக்கான நிகழ்ச்சி என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். பெரியவர்கள் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு மரத்தடியில் உட்காருவார்கள். சின்னப் பையன்களுக்குப் பாட்டு வந்தால் போதும். இதெல்லாம் பொழுதுபோக்கு என்று நினைத்துவிடாதீர்கள். 1956இல் யுனெஸ்கோ உதவியோடு அகில இந்திய வானொலி அன்றைய பம்பாய் மாகாணத்தில், புனே பக்கத்தில், 150 கிராமங்களில் ஒரு சோதனை நடத்தியது. ஊருக்கு ஒரு குழுவைக் கூட்டி வைத்து, நிகழ்ச்சியைக் கேட்ட கையோடு அதைப் பற்றிப் பேச வைத்தார்கள். அவர்கள் கேட்ட சந்தேகங்களை நிலையத்துக்கு எழுதி அனுப்பினார்கள். சும்மா கேட்டுவிட்டு எழுந்து போகிற ஊரைவிட, கேட்டுவிட்டுக் கூடிப் பேசுகிற ஊரில் விஷயம் நன்றாகத் தங்குகிறது என்று அதில் தெரிந்தது.

நம் தமிழ்நாட்டில் அதற்கு அருமையான சாட்சி ஒன்று இருக்கிறது. 1960களில் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ஏ.டி.டி. 27 என்ற ரகம் வந்தது. திருச்சி வானொலி அதைப் பற்றி விவசாயிகளிடம் ஓயாமல் பேசியது. தஞ்சாவூர்ப் பக்கத்து ஜனங்கள் அந்த நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஆராய்ச்சிக்காரர் கொடுத்த எண் யாருக்கும் நினைவில்லை, காதால் கேட்ட வழி பெயராக நின்றுவிட்டது. வகுப்பில் பசுமைப் புரட்சி பாடம் எடுக்கும்போது இதை நான் தவறாமல் சொல்வேன். அரைத் தூக்கத்தில் கேட்டவர்களுக்கும் இது மட்டும் ஞாபகம் இருக்கும்.

அப்புறம் தொலைபேசி. 1984இல் சி-டாட் நிறுவனம் தொடங்கி, கிராமத்துத் தூசிக்கும் வெயிலுக்கும் தாங்குகிற சிறிய எக்ஸ்சேஞ்ச் ஒன்றைச் செய்தார்கள். ஏ.சி. அறை தேவையில்லை, 128 இணைப்பு வரை தாங்கும். அதற்குப் பிறகுதான் மஞ்சள் பலகை எஸ்.டி.டி. பூத் ஊருக்கு ஊர் முளைத்தது. மீட்டரைப் பார்த்துக்கொண்டே பேசிய காலத்தை உங்களில் பாதிப்பேர் அனுபவித்திருப்பீர்கள்.

இப்போது புதுச்சேரிக்கு வருகிறேன்.

1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கனடா நாட்டு ஐ.டி.ஆர்.சி. அமைப்பின் நிதி உதவியோடு வில்லியனூரை நடு மையமாக வைத்துச் சுற்றுவட்டக் கிராமங்களில் 'அறிவு மையங்கள்' ஆரம்பித்தது. கம்ப்யூட்டர் என்றால் பட்டணத்திலேயே பலர் எட்ட நின்று பார்த்த காலம். ஆனால் அவர்கள் முதலில் கம்ப்யூட்டரைக் கொண்டுபோய் இறக்கவில்லை. ஊர் ஊராகப் போய், "உங்களுக்கு ஒரு தகவல் வேண்டுமென்றால் யாரைக் கேட்பீர்கள்?" என்று விசாரித்தார்கள். கடைக்காரர், சந்தை, உரம் விற்பவர், அக்கம்பக்கத்தார் என்றுதான் பெரும்பாலும் பதில் வந்தது. எல்லாம் வாய் வழிச் செய்தி. அதன் பிறகுதான் என்ன தகவல் வேண்டும் என்று கேட்டார்கள். நெல் விலை, விதை விலை, ஆஸ்பத்திரியில் எந்த டாக்டர் எப்போது இருப்பார், பஸ் நேரம், எந்த அரசுத் திட்டத்தில் யாருக்கு என்ன உரிமை, இவைதான் பட்டியல். இதில் எதுவுமே அமெரிக்காவிலிருந்து வர வேண்டிய தகவல் இல்லை. பக்கத்து ஊரில் இருக்கிற தகவல்தான். ஆனால் அது வந்து சேராது. அதை வில்லியனூரில் சேகரித்து, தமிழில் எழுதி அனுப்பினார்கள்.

அனுப்பிய விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. கிராமத்துக்கு நம்பகமான போன் லைன் கிடையாது. அதனால் போலீஸ்காரர்கள் வைத்திருக்கும் வயர்லெஸ் மாதிரியான வி.எச்.எப். ரேடியோக் கருவியில் கம்ப்யூட்டரை இணைத்தார்கள். இன்டர்நெட் வில்லியனூரில் மட்டும். மற்ற ஊர்களுக்கு அங்கிருந்து காற்று வழி. கரண்ட் எப்போது வரும் போகும் என்று தெரியாது, அதற்கு மாடியில் சோலார் தகடு. தமிழ் எழுத்துருவே ஆளுக்கொன்றாக இருந்த நேரம் அது. தமிழ்99 விசைப்பலகை 1999இல்தான் முடிவானது. இவ்வளவு முட்டுக்கட்டைக்கு நடுவில்தான் வேலை நடந்தது. பிள்ளையார்குப்பத்திலிருந்து 'நம்ம ஊர் செய்தி' என்று மாதம் இருமுறை ஒரு சின்னப் பத்திரிகையும் போட்டார்கள்.

இடம் ஊர் கொடுக்க வேண்டும். மையத்தை நடத்துபவர் அந்த ஊர் ஆளாக இருக்க வேண்டும். பெரும்பாலும் பெண்களே முன்வந்தார்கள். எந்தச் சாதிக்காரரும் தடையில்லாமல் உள்ளே வரலாம் என்று ஊர் ஒத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனை காகிதத்தில் எளிது. ஏம்பலத்தில் மையம் கோயிலைச் சேர்ந்த கட்டடத்தில் அமைந்தது. சன்னதிக்குள் நுழைய முடியாதவர்கள் அடுத்த கதவு வழியாகக் கம்ப்யூட்டர் அறைக்குள் நுழைந்தார்கள். 2000இல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை இந்த இரண்டு கதவுகளைப் பற்றி எழுதி, ஏம்பலத்தின் பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. வறுமைக்கோட்டுப் பட்டியல் மாதிரியான விவரங்களும் மையத்துக்கு வந்தன. அதுவரை யாரோ ஒருவர் பீரோவில் பூட்டி வைத்திருந்த பட்டியலில் தன் பெயர் இருக்கிறதா என்று ஒரு கூலிக்காரர் போய்க் கேட்க முடிந்தது. என்னைக் கேட்டால் கம்ப்யூட்டர் செய்த பெரிய வேலை இதுதான்.

கீழூரில் நடந்ததும் அதே பத்திரிகையில் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண்ணின் ஒரே கறவை மாடு ஐந்து நாளாகக் கன்று போட முடியாமல் முனகிக்கொண்டிருந்தது. மையத்தில் கால்நடை மருத்துவர்களின் பட்டியல் இருந்தது. அதைப் பார்த்து ஆளை வரவழைத்தார்கள். கன்றும் பிறந்தது, மாடும் பிழைத்தது. (கீழூர் என்றதும் ஒரு சரித்திர வாத்தியாரால் சும்மா இருக்க முடியாது. 1954 அக்டோபர் 18ஆம் தேதி, பிரெஞ்சிந்தியப் பகுதிகள் இந்தியாவோடு சேருவதா என்று 178 பிரதிநிதிகள் கூடி ஓட்டுப் போட்டது இந்தக் கீழூரில்தான். 170 பேர் சேருவோம் என்றார்கள்.)

ஆடித் தேர் பார்க்க வீராம்பட்டினம் போனவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். அது மீனவர் ஊர். அவர்கள் கேட்ட தகவலே வேறு: நாளைக்குக் கடல் எப்படி இருக்கும்? அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வங்கக்கடலின் அலை உயரம் ஒரு நாள் முன்கூட்டியே படமாக வந்துகொண்டிருந்தது. வில்லியனூரில் அதை இறக்கி, தமிழில் எழுதி, வீராம்பட்டினத்துக்கு அனுப்பினார்கள். அங்கே அது கம்ப்யூட்டர் திரையிலேயே நின்றுவிட்டால் என்ன பிரயோஜனம்? கரையில் வலை பின்னுகிறவர் வந்து திரையைப் பார்ப்பாரா? ஒலிபெருக்கி கட்டி, மைக்கில் படித்தார்கள். அமெரிக்கக் கப்பற்படைக்காகப் போட்ட கணக்கு, நம் குழாய் ஸ்பீக்கரில் தமிழில் கேட்டது. பஞ்சாயத்து ரேடியோவின் பேரப்பிள்ளை என்று இதைச் சொல்வேன்.

2001இல் இந்த முயற்சிக்கு ஸ்டாக்ஹோம் சாலஞ்ச் விருது கிடைத்தது. ஆனால் உண்மையான பரீட்சை 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமைதான் வந்தது.

அன்று நம் நேரப்படி காலை 6.29க்குச் சுமத்ராவுக்குப் பக்கத்தில் கடலடியில் நிலம் பிளந்தது. நம் கரைக்கு அலை வர ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆனது. இரண்டு மணி நேரம்! செயற்கைக்கோள் விடுகிற நாடு, கையில் செல்போன் வந்துவிட்ட காலம். ஆனாலும் கரையில் இருந்தவனுக்குச் சொல்ல ஆளில்லை. சுனாமி எச்சரிக்கை மையம் ஐதராபாத்தில் அமைந்தது 2007 அக்டோபரில்தான். நாகப்பட்டினத்தில் என்ன நடந்தது என்று நான் எழுத வேண்டியதில்லை.

வீராம்பட்டினத்துக்குத் தெற்கே நல்லவாடு என்று இன்னொரு மீனவர் ஊர். அங்கேயும் அறிவு மையம் இருந்தது. அந்த ஊர் இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டிருந்தார். நிலநடுக்கச் செய்தி கேட்டு வீட்டுக்குப் போன் போட்டார். தங்கச்சி எடுத்து, கடல் தண்ணீர் உள்ளே வருகிறது என்றதும், எல்லாரையும் வெளியேறச் சொல் என்று கத்தினார். ஊர்க்காரர்கள் மையத்துக்கு ஓடினார்கள். ஞாயிற்றுக்கிழமை, பூட்டிக் கிடந்தது. கதவை உடைத்து உள்ளே போய் ஒலிபெருக்கியைப் போட்டு ஊரை எழுப்பினார்கள். சுமார் 3,600 பேர் பிழைத்தார்கள். வீடுகளும் படகுகளும் போயின. உயிர் போகவில்லை.

அன்று அவர்கள் கம்ப்யூட்டரைத் தொடவேயில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு போன், ஒரு மைக். ஆனால் 'ஆபத்து என்றால் ஓட வேண்டிய இடம் இது, இந்த ஸ்பீக்கரில் வருவது நிஜம்' என்ற பழக்கம் ஏற்கெனவே அந்த ஊரில் ஊறியிருந்தது. தினமும் அலை உயரத்தைப் படித்துப் படித்து வந்த நம்பிக்கை அது. ஒரு நாளில் வாங்கி மாட்ட முடிகிற சாமான் இல்லை.

எல்லா இடத்திலும் இப்படி நடந்துவிடவில்லை. 2001 வாக்கில் மதுரை மேலூர்ப் பக்கம் சென்னை ஐ.ஐ.டி. அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவின் கார்டெக்ட் கம்பியில்லா இணைப்பை வைத்து, கிராமத்து இளைஞர்களையே முதலாளிகளாக்கிக் கியோஸ்க் நடத்த வைத்தார்கள். வெண்டைக்காய் நோயைப் படம் எடுத்து வேளாண் கல்லூரிக்கு அனுப்பினார்கள், கண் பரிசோதனைக்கு அரவிந்த் மருத்துவமனையோடு இணைத்தார்கள். எல்லாம் நல்ல யோசனைதான். ஆனால் வருகிற வருமானத்தில் கடனும் கட்டி மையத்தையும் நடத்து என்றால் எத்தனை நாளைக்கு? சில ஆண்டுகளில் பெரும்பாலானவை மூடிவிட்டன. ஏழைக்குத் தகவல் விற்று லாபம் பார்ப்பது கஷ்டம் என்று இதை வைத்துச் சொல்லலாம். எனக்கு வேறொன்றும் தோன்றுகிறது: ஊர் நூலகத்திடம் லாபம் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லையே.

2004இல் 'ஒவ்வொரு கிராமத்திலும் ஓர் அறிவு மையம்' என்று சுவாமிநாதன் நாடு முழுக்கக் குரல் கொடுத்தார். 2006இல் மத்திய அரசு ஒரு லட்சம் பொதுச் சேவை மையங்களுக்கு ஒப்புதல் தந்தது. அந்த வழியில் வந்ததுதான் இன்று நாம் போகிற இ-சேவை மையங்கள். 2004 ஜனவரியில் கிசான் கால் சென்டர் வந்தது: 1800-180-1551, காசில்லை, தமிழில் பேசலாம். 2018இல் உழவன் செயலி வந்தது. சேத்துப்பட்டு கமிட்டியில் நெல் என்ன விலை, மல்லாட்டை என்ன விலை என்று கேட்டு யாராவது பஸ்ஸில் வரும்வரை காத்திருந்த ஊர் இது. இன்று விரலால் தள்ளிப் பார்க்கலாம். இதெல்லாம் குறைத்துச் சொல்ல முடியாத வளர்ச்சி.

ஆனால் வில்லியனூர்க்காரர்கள் தகவலைத் திரையிலிருந்து காதுக்குக் கொண்டுபோக ஒரு ஆளை வைத்தார்கள். இன்றைய ஏற்பாட்டில் அந்த ஆள் கணக்கிலேயே இல்லை. செய்தி அனுப்பியதோடு வேலை முடிந்தது. இ-சேவையில் உட்கார்ந்திருப்பவர் நல்லவராகவே இருப்பார், ஆனால் அவர் முன்னால் வரிசை நிற்கிறது, விண்ணப்பத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் இருக்கிறது. "என் பணம் ஏன் வரல?" என்ற கேள்விக்கு அங்கே விண்ணப்பப் படிவம் கிடையாது.

ஆயாவுக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். என்னிடம் படித்த ஒரு பெண் இப்போது பக்கத்து ஊரில் மகளிர் குழுவில் இருக்கிறாள். அவளே ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஆயாவைக் கூட்டிக்கொண்டு போனாள். இரண்டு நடை ஆயிற்று. சான்றுகளை வாங்கிக்கொண்டார்கள். இந்த மாதம் பணம் வந்துவிட்டது, விட்டுப்போன மாதங்களுக்கு இன்னும் பதில் இல்லை. இப்போது செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என் திண்ணைக்கு ஏழெட்டுப் பேர் போனோடு வருகிறார்கள். நான் படித்துச் சொல்கிறேன். என் கண்ணுக்கு அந்தச் சின்ன எழுத்து சிரமமாக இருக்கிறது. ஊரில் இருக்கிற மாணவர்கள் யாராவது செவ்வாய்க்கிழமை ஐந்து மணிக்கு மேல் வந்து உட்கார்ந்தால் உதவியாக இருக்கும். காபி உண்டு.

இன்னொன்று. நம் பக்கத்துப் பஞ்சாயத்து ரேடியோ, அந்தக் குழாய் ஸ்பீக்கர், இவற்றின் பழைய போட்டோ யார் வீட்டு ஆல்பத்திலாவது இருந்தால் எனக்கு அனுப்பி வையுங்கள். கல்யாண போட்டோக்களின் ஓரத்தில் தேடிப் பாருங்கள், அங்கேதான் இருக்கும்.