பிரிவுத் தலைப்பு (மண்டல விதிகள்)

நில மண்டல விதிகளில் ஒவ்வொரு பிரிவின் முகப்பிலும் இடப்படும் சிறு பெயர். அமெரிக்காவில் நியூயார்க் நகரம் 1916-இல் நகர் முழுவதற்குமான மண்டல விதிகளை இயற்றியது. 1926-இல் யூக்ளிட் என்ற ஊரின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இத்தகைய விதிகள் செல்லும் என்றது. அதன்பின் மேலும் பல ஊர்கள் தமக்கெனத் துணைவிதிகள் எழுதின. விதிகளின் சொற்களுக்கு என்ன பொருள் என்ற பூசலும் கூடவே வந்தது.

தலைப்புக்குச் சட்ட வலு உண்டா? தனியாக இல்லை. ‘குடியிருப்பு மண்டலத்தில் வேலிகள்’ என்று தலைப்பிட்டு, உள்ளே ‘எந்த மனையிலும் வேலி ஆறு அடியை மிஞ்சக் கூடாது’ என எழுதியிருந்தால், வணிக மண்டலத்துக் கடைக்காரரும் அதற்குக் கட்டுப்பட்டவரே. தெளிவான வாசகத்தைத் தலைப்பு குறுக்க முடியாது. வாசகம் ஐயத்துக்கு இடமளித்தால் மட்டுமே தலைப்பு துணைக்கு வரும். 1947-இல் ஒரு ரயில்வே வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. இந்திய உச்ச நீதிமன்றமும் 1959-இல் பிங்கா வழக்கில் ஐயம் எழும்போது தலைப்பைப் பார்க்கலாம் என்றது.

தலைப்புகள் வசதிக்கே என்று பல துணைவிதிகள் தாமே அறிவித்துவிடுகின்றன. அந்த வரி பெரும்பாலும் பொது விதிகள் பகுதியில் இருக்கும். முதலில் அதைத் தேடிப் படிப்பது நல்லது.