ஊர் ஒழிந்தபின் வரையப்பட்ட ஊர்: கென்னெகாட் வரைபடங்கள்

பழைய நிலத்தோற்ற வரைபடத்தைச் சான்றாகக் கொள்ளும் வரலாற்று மாணவர் முதலில் கேட்க வேண்டியது, அதில் என்ன உள்ளது என்பதன்று. அது எப்போது, எதற்காக அளக்கப்பட்டது என்பதே. அலாஸ்காவின் ரேங்கல் மலைத்தொடரிலுள்ள கென்னெகாட் என்னும் செம்புச் சுரங்கக் குடியிருப்பு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு.

அந்நிலத்துச் செம்பை அத்னா மக்கள் நெடுங்காலமாக அறிந்து, கருவிகள் செய்து பயன்படுத்தினர். 1899-இல் அவர்தம் தலைவர் நிகோலாய், உணவுப் பொருளுக்கு ஈடாகத் தாதுப் படிவு ஒன்றின் இருப்பிடத்தை வெளியாருக்கு அறிவித்தார். 1900-இல் பொனான்சா படிவு கண்டறியப்பட்டது. அதே கோடையில் அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையினரும் அங்கே களப்பணியில் இருந்தனர். ஆக, அளவையும் தாது வேட்டையும் உடன்பிறந்தவை. பனியாறு, இயற்கையியலாளர் ராபர்ட் கென்னிகாட்டின் பெயரைப் பெற்றது. சுரங்க நிறுவனத்தின் பெயரில் ஓரெழுத்து பிறழ்ந்தது. வழிகாட்டியவரின் இனத்தார் அம்மலைக்கு இட்டு வழங்கிய பெயர்களை இப்பெயர்கள் மறைத்தன.

1911-இல் 196 மைல் இருப்புப்பாதை, கடற்கரை நகரான கார்டோவாவுடன் சுரங்கத்தை இணைத்தது. 14 அடுக்குத் தாது பிரிப்பாலை எழுந்தது. தொழிலாளர் வாரம் ஏழு நாளும் உழைத்தனர். பலர் மலையுச்சிச் சுரங்க வாயில்களருகே விடுதிகளில் தங்கினர். உயர்தரத் தாது தீர்ந்ததும், 1938-இல் சுரங்கம் மூடப்பட்டது, இரயிலும் நின்றது, ஊர் வெறிச்சோடியது.

ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் என்னும் 1:63,360 அளவையில் அலாஸ்காவின் வரைபட வரிசை இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே, வான் ஒளிப்படங்களின் துணையுடன் உருவாயிற்று. இந்திய நில அளவைத் துறையின் பழைய தாள்களும் இதே அளவையின. எனவே இவ்வரிசையில் நாம் காணும் கென்னெகாட், மக்கள் நீங்கிய கென்னெகாட். கட்டடத்தைக் குறிக்கும் சிறு கறுப்புச் சதுரம், உள்ளே அடுப்பு எரிந்ததா என்பதைச் சொல்லாது. அச்சதுரங்களை எண்ணி மக்கள்தொகையைக் கணிப்பவர், இல்லாத ஊருக்குக் குடிக்கணக்கு எடுப்பவராவார்.

ஆயினும் அதே வரைபடம், வரைந்தோர் கருதாத சான்றொன்றையும் தருகிறது. 1950-களின் சமஉயரக் கோடுகள் அன்றைய பனியாறுகளின் மேற்பரப்பைப் பதிந்துள்ளன. இன்றைய செயற்கைக்கோள் அளவீடுகளுடன் அவற்றை ஒப்பிட்டே, ரேங்கல் மலையின் பனி இழப்பை ஆய்வாளர் கணிக்கின்றனர்.

வரைபடம் பொய் சொல்வதில்லை. ஆனால் கேட்கப்படாததைத் தானே சொல்வதுமில்லை. நம் ஆவணக்காப்பகங்களில் உள்ள ஒரு மைல் தாள்களை விரிக்கும்போது, அளவை ஆண்டு, பதிப்பாண்டு, ஊரின் வாழ்நாள் ஆகிய மூன்றையும் அருகருகே எழுதிக்கொண்டு தொடங்குவோம்.